மாறும் விண்மீன்களை வகை பிரிக்க ஸ்டார் அனலைசர் 100: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

ஸ்டார் அனலைசர் 100 என்பது ஒண்ணேகால் இன்ச் ஃபில்டர் மாதிரி கேமரா முனையில் திருகிக்கொள்ளும் சின்ன கிரேட்டிங், அதாவது விண்மீன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையாக்கும் கோடு கீறிய கண்ணாடி. மில்லிமீட்டருக்கு 100 கோடு. திருவாதிரை மங்கிய 2019-20 குளிர்காலத்துக்கு முன்பிருந்தே என் 80 மிமீ தொலைநோக்கியில் இதைப் போட்டு வருகிறேன். மாறும் விண்மீன், அதாவது வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீன் பார்ப்பவர்கள் வாங்கலாமா? சிவப்பு விண்மீன்களுக்கும் உமிழ்வுக் கோடு (நிறமாலையில் பளிச்சென்று தெரியும் கோடு) காட்டுபவற்றுக்கும் தயங்காமல் வாங்கலாம். சில மணி நேரத்தில் ஏறி இறங்குகிறவற்றுக்கு இது போதாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் நிறமாலை எதற்கு என்பது. ஒளிவளைவு, வெளிச்சம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று காட்டும். காரணம் தெரியாது. 0.3 நாளுக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் ஒரு வளைவு, துடிக்கும் ஆர்.ஆர். லைரே வகையாக இருக்கலாம், 0.6 நாளில் ஒன்றையொன்று சுற்றி, ஒரு சுற்றுக்கு இருமுறை மங்கும் ஒட்டு இரட்டையாகவும் (ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும் இரண்டு விண்மீன்கள்) இருக்கலாம். படத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும்.

பொருத்துவது எளிது. சென்சாரிலிருந்து கிரேட்டிங் 50 மிமீ தள்ளி, பிக்சல் 3.75 மைக்ரான் என்றால், ஒரு பிக்சலுக்கு 7.5 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) வரும். ஃபில்டர் வீலுக்குள் இடம் குறைவு என்றால் இதிலேயே 200 கோடு உள்ளதை எடுக்கலாம். விண்மீனின் நேர்ப் பிம்பமும் அதே படத்தில் விழுவதால் அளவுக்குத் தொடக்கப் புள்ளி கைவசமே இருக்கிறது. அப்புறம் அபிஜித் போன்ற ஏ வகை விண்மீன் (ஏ, எஃப், ஜி என்பவை சூடானதிலிருந்து குளிர்ந்ததை நோக்கிப் போகும் நிறமாலை வகைகள்) ஒன்றை எடுத்து, அதன் ஹைட்ரஜன் கோடுகளை 4861, 4340 என்று பொருத்திவிட்டால் அலைநீளம் சரியாகிவிடும். கேமரா எந்த நிறத்தை எவ்வளவு வாங்குகிறது என்ற திருத்தத்துக்கும் அதுவே போதும். கருப்பு-வெள்ளை கேமரா நல்லது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் உள் ஃபில்டர் 6563-ல் இருக்கும் எச்-ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோட்டைப் பெருமளவு தின்றுவிடும். மாறும் விண்மீனுக்கு அந்தக் கோடுதான் உயிர்.

இந்தக் கிரேட்டிங் முழுக்க ஜெயிப்பது சிவப்பு விண்மீன்களில். மீரா என்ற சிவப்பு மாறும் விண்மீனை எடுத்தால் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் வரைபடம் முழுக்க ரம்பப் பல் போல நிற்கும். கார்பன் விண்மீனான யு ஹைட்ரா, ஆர் லெபோரிஸ் இவற்றிலும் பல் உண்டு, ஆனால் அது இரட்டைக் கார்பன் மூலக்கூறின் பட்டை. புதிதாகப் பார்ப்பவருக்கு இங்கே குழப்பம் வரும், ஏனென்றால் டைட்டானியம் ஆக்சைடுக்கு 5167-ல் ஒரு விளிம்பு, கார்பனுக்கு 5165-ல் ஒன்று. நம் கருவியில் இரண்டும் ஒரே இடம். பல்லின் திசையைப் பாருங்கள். டைட்டானியம் ஆக்சைடில் செங்குத்தான விளிம்பு நீலப் பக்கம் இருக்கும். அங்கிருந்து சிவப்பை நோக்கிப் படிப்படியாகத் தேயும். கார்பனில் நேர்மாறு. 1860-களில் ரோமில் இருந்த வானியலாளர் ஏஞ்சலோ செக்கி தன் மூன்றாம் வகையையும் (டைட்டானியம் ஆக்சைடு) நான்காம் வகையையும் (கார்பன்) பிரித்ததில் இதுவும் முக்கிய அடையாளம். அவர் கண்ணால் பார்த்துப் பிரித்ததை நம் மொட்டைமாடியிலிருந்து அப்படியே திரும்பப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை பெரிய மகிழ்ச்சி.

சென்னை வானாய்வகத்தில் ரகுநாதாச்சாரி 1867-ல் கண்டுபிடித்த ஆர் ரெட்டிகுலியும் மீரா வகைதான். தமிழ்நாட்டிலிருந்து அது தெற்கே மிகத் தாழ்வாகவே எழும். நீலப் பக்கம் காற்றிலேயே போய்விடும், சிவப்புப் பக்கத்துப் பட்டைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது உமிழ்வுக் கோடுகள். காமா கேசியோபியாவில் எச்-ஆல்ஃபா பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கும். வேகமாகச் சுழலும் அந்த விண்மீனைச் சுற்றியுள்ள வாயுத் தட்டுதான் காரணம். அதில் உமிழ்வுக் கோட்டை 1866-ல் கண்டவரும் செக்கியே. 2021 ஆகஸ்டில் ஆர்.எஸ். ஒபியூக்கி வெடித்தபோது மழை மேகங்களுக்கு நடுவே கிடைத்த சில வினாடிப் படத்திலேயே எச்-ஆல்ஃபா கம்பம் போல எழுந்து நின்றது. வாயு வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வெடிப்பு அது. இது நோவாதானா (திடீரென வெடித்துப் பிரகாசமாகும் விண்மீன்) என்ற சந்தேகத்துக்கு அதற்குமேல் இடமில்லை.

திருவாதிரையில் அவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் அது நன்றாக மங்கியிருந்தும் என் வரைபடத்தில் பட்டைகள் ஆழமானதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதே மாதம் பெரிய தொலைநோக்கியில் எடுத்த நிறமாலையை வானியலாளர்கள் எமிலி லெவெஸ்க்கும் ஃபிலிப் மாஸியும் அளந்தார்கள். வெப்பநிலை சுமார் 3600 கெல்வின். 2004-ல் இருந்ததைவிட 50 தான் குறைவு. அவ்வளவு மங்கலுக்கு அது போதாது, தூசு மறைக்கிறது என்றார்கள். ஒளிவளைவை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர வழியே இல்லை.

இனி குறைகள். ஒரு விண்மீனின் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் பிளவு இல்லாத கருவி என்பதால் பக்கத்து விண்மீனின் பட்டை குறுக்கே விழும். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். காற்று நடுங்கினால் கோடுகள் மழுங்கும். வேகம் அளப்பதை மறந்துவிடுங்கள். வினாடிக்கு 100 கிமீ வேகம் எச்-ஆல்ஃபாவை நகர்த்துவது 2.2 ஆங்ஸ்ட்ராம், அதாவது நம் ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் சொன்ன ஆர்.ஆர். லைரே, ஒட்டு இரட்டைக் குழப்பம் இதில் தீராது.

அதற்கு நான் போவது லாமோஸ்ட் தரவுக்கு. சீனாவின் சிங்லாங்கில் 4000 இழைகளால் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் நிறமாலையை எடுக்கும் தொலைநோக்கி அது. 3700 முதல் 9000 ஆங்ஸ்ட்ராம் வரை வருகிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் முதலில் பார்ப்பது 3934-ல் உள்ள கால்சியம் கே கோடு. ஆர்.ஆர். லைரேக்கள் பெரும்பாலும் உலோகம் குறைந்த பழைய விண்மீன்கள். ஹைட்ரஜன் கோடு எஃப் வகை என்று சொல்லும், கால்சியம் ஏ வகை அளவுக்கு மெலிந்திருக்கும். வானியலாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் 1959-ல் இந்த வித்தியாசத்தையே ஓர் அளவுகோலாக்கினார். கால்சியம் கோடு பலமாக இருந்தால் ஒட்டு இரட்டைப் பக்கம் என் சந்தேகம் சாயும்.

லாமோஸ்ட் பட்டியலில் தானாக இட்ட வகை எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். துடிக்கும் விண்மீனான டெல்டா செஃபி ஒரே சுற்றுக்குள் எஃப் வகையிலிருந்து ஜி வகை வரை போய் வரும். படம் எடுத்த நேரத்தைக் கோப்பில் பார்த்து, அது சுற்றின் எந்தக் கட்டம் என்று கணக்கிட்ட பிறகே வகையை எழுதுகிறேன்.

லாமோஸ்டின் பார்வை வான நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 10 பாகையோடு நின்றுவிடும். ஆர் லெபோரிஸும் யு ஹைட்ராவும் அதற்குக் கீழே இருப்பவை, அவற்றுக்கு இன்றும் கிரேட்டிங்கைத்தான் மாட்டுகிறேன்.