பெரிங், பனாமா: விலங்குகள் கண்டம் கடந்த இரு வழிகள்

சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம், பனியூழிகளில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோதெல்லாம் வெளிப்பட்டு மீண்டும் மூழ்கியது; வட, தென் அமெரிக்காக்களை இணைத்து, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையடைந்த பனாமா நிலப்பாலமோ இன்றளவும் நிலைத்திருக்கிறது.

வட அமெரிக்காவில் தோன்றிய குதிரை, ஒட்டக இனங்கள் பெரிங் வழியே ஆசியாவுக்குச் சென்றன. யானையின் உறவினமான மாமூத்தும் காட்டெருது வகையான பைசனும் எதிர்த்திசையில் வந்தன. அங்கே குளிர்தான் காவலாளி; அதைத் தாங்கியவையே கடந்தன. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த, சுமார் 35 லட்சம் ஆண்டுப் பழமையான கால் எலும்புச் சில்லுகள், அவற்றில் எஞ்சியிருந்த கொலாஜன் புரதத்தைக் கொண்டே ஒட்டகத்தினுடையவை என அடையாளம் காணப்பட்டன. பாலைவனத்துக்கே உரியதென்று நாம் எண்ணும் விலங்கின் உறவினம் ஆர்க்டிக் காட்டில் வாழ்ந்தது என்பது உண்மையிலேயே வியப்பூட்டுகிறது.

எனினும், புதைபடிவங்களைக் கொண்டு இடப்பெயர்ச்சியைக் கற்க விரும்புவோருக்குப் பனாமாவே தெளிவான களம் என்பேன். தென் அமெரிக்கா நெடுங்காலம் தனித்த தீவுக்கண்டமாக இருந்ததால், வடக்கிலிருந்து வந்த பூனை, நாய், லாமா இனங்கள் அதன் பாறையடுக்குகளில் புதியவையாகப் பளிச்செனத் தெரிகின்றன. அவை தெற்கே பல்கிப் பெருகின. வடக்கே சென்றவற்றுள் ஒப்போசம் (குட்டியைப் பையில் சுமக்கும் சிறு விலங்கு), ஆர்மடில்லோ (ஓட்டுக் கவசமுள்ள விலங்கு), முள்ளம்பன்றி போன்ற சிலவே இன்று எஞ்சியுள்ளன. மெகலோனிக்ஸ் என்னும், இன்று அழிந்துபோன தரைவாழ் ஸ்லாத் (தேவாங்கு போல மெதுவாக நகரும் மரவாழ் ஸ்லாத்களின் உறவினம்) கனடாவின் யூக்கான் வரை சென்றும், ஆசியாவுக்குள் நுழையவேயில்லை.