அடிமைகள் இருவர், சுதந்திரம் இரண்டு

எபிக்டெட்டஸ் ரோமில் அடிமையாக இருந்து, பிறகு தத்துவ ஆசிரியரானவர். உடலும் சொத்தும் நம் வசமில்லை. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது மட்டுமே நம் வசம் என்றார்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் அதோடு நிற்கவில்லை. படிக்கக்கூடாது என்று எஜமானர் தடுத்தார். சரி, தெருச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் படித்துக்கொண்டார். 1838இல் மாலுமி உடையில், வேறொருவரின் அடையாள ஆவணத்தோடு, பால்டிமோரில் ரயிலேறித் தப்பினார்.

என் மனம் டக்ளஸ் பக்கம்தான். உள்ளுக்குள் மட்டும் சுதந்திரமாக இருந்தால் சாட்டை ஓங்கியபடியே இருக்கும். ஆனாலும் ரயிலேறுவதற்கு வெகுமுன்பே அவர் மனம் அடிமைத்தனத்தை மறுத்துவிட்டது; எபிக்டெட்டஸ் சொன்னது அதைத்தான். அதே மறுப்போடு வாழ்ந்தும் இரவல் ஆவணம் கிடைக்காதவர்களை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.