தக்காளிக் குடிலுக்குப் பம்பிள் தேனீப் பெட்டி: வாங்கலாமா?

நெதர்லாந்து, பெல்ஜியம் பசுமைக்குடில்களில் 1980-களின் கடைசி வரை ஆள் போட்டு, மகரந்தம் உதிர்ந்து காய் பிடிப்பதற்காக அதிர்வுக் கருவியால் தக்காளிப் பூங்கொத்துகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூலிச் செலவை ஒழித்தது, பம்பிள் தேனீ என்ற பருத்த, மயிரடர்ந்த தேனீயை வைத்து விற்கும் இந்தப் பெட்டிதான். உள்ளே ஒரு ராணி, சில டஜன் வேலைக்காரத் தேனீக்கள், அடியில் சர்க்கரைக் கரைசல் பை.

வாங்கும்போது முதலில் அந்தப் பையைப் பாருங்கள். தக்காளிப் பூவில் தேன் கிடையாது. தேனீ பூவின் நடுவிலுள்ள மகரந்தக் கூம்பைத் தாடையால் கவ்வித் தொங்கும்; இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் நொடிக்குச் சுமார் 300 தடவை அதிரவிடும். மகரந்தம் வயிற்று மயிரில் கொட்டும். அதைக் கால்களால் வழித்து, இரைப்பையில் கொண்டுவந்த கரைசலைக் கொஞ்சம் கக்கிப் பிசைந்து, பின்னங்கால் கூடையில் கீழிருந்து மேலாகத் திணிக்கும். கரைசல் தீர்ந்தால் அந்தப் பிசையலும் நின்றுவிடும்.

காலில் உருண்டையாக வருவது கூட்டிலுள்ள தேனீப் புழுக்களுக்கான சாப்பாடு. காய் பிடிப்பது அதிர்வில் சூல்முடியில் விழும் உதிரித் தூளால். ஆகவே பெட்டி வேலை செய்கிறதா என்று பூவில்தான் பார்க்கவேண்டும்: கவ்விய இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகும். வாடத் தொடங்கிய பூக்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தழும்பு இருந்தால் சரி. கூம்பு முழுக்கக் கருத்துக் கிழிந்திருந்தால் பூவுக்கு மீறிய தேனீ. பெட்டியைச் சில மணி நேரம் மூடிவையுங்கள். பெட்டி வாசலிலும் ஒரு துப்பு உண்டு. தக்காளி மகரந்தம் வெளிறியது; காலில் பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால், ஜன்னல் வழியே வெளிப் பூவுக்குப் போகிறது என்று அர்த்தம்.

குறைகளும் உண்டு. 30 டிகிரி தாண்டினால் பூவை விட்டுவிட்டு உள்ளே விசிறிக்கொண்டிருக்கும். நிழலில், எறும்பு ஏறாத இடத்தில், மட்டமாக வைக்கவேண்டும். வைத்ததும் திறக்காமல் அரைமணி நேரமாவது அடங்கவிடுங்கள். புற ஊதாக் கதிரை முழுசாகத் தடுக்கும் கூரைத் தாளுக்கு அடியில் திசை தடுமாறும். மருந்தடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாசலை 'உள்ளே மட்டும்' என்று மாற்றினால் எல்லாம் வந்து சேரும். ஆனால் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை வேருக்கு ஊற்றியிருந்தால் இந்த வாசல் வித்தை பலிக்காது. அது மகரந்தத்துக்கே ஏறிவிடும்.

ஆயுள் இரண்டு மூன்று மாதம். பிறகு திறந்துவிடாமல் உறையவைத்து அழிக்கவேண்டும். ஐரோப்பிய இனம் தப்பிப் பரவியதால் ஜப்பானில் 2006 முதல் அனுமதியும் வலையும் இல்லாமல் இந்தப் பெட்டியை வைக்க முடியாது.