கோபுரமா, சர்வரா: ஒரு சிறிய வானொலி நிலையம் செய்த தேர்வு

நான் தன்னார்வலராகப் பணியாற்றும் சமுதாய வானொலி நிலையத்தின் பழைய டிரான்ஸ்மிட்டர் 2022இல் பழுதுபார்க்க இயலாத நிலையை எட்டியபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. புதிய டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் பண்பலையில் தொடர்வது ஒன்று; கோபுரத்தை இறக்கிவிட்டு, இணையத்தில் மட்டும் ஒலிபரப்புவது மற்றொன்று. பல வார விவாதத்துக்குப் பின் பண்பலையைத் தேர்ந்தோம்; ஏற்கெனவே சிறிய அளவில் நடத்திவந்த இணைய ஓடையை (ஸ்ட்ரீமிங்) துணையாக வைத்துக்கொண்டோம். அந்த முடிவுக்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இங்கே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். இணையத்துக்குத் தொடக்கச் செலவு குறைவு. உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். தவறவிட்ட நிகழ்ச்சியைப் பிறகு கேட்கலாம். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும். பண்பலைக்கு உரிமம், கோபுரம், மின்சாரம் எல்லாம் வேண்டும். அதன் எல்லையும் சில கிலோமீட்டர்களுக்குள் முடிந்துவிடும். இந்தப் பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் நாங்களும் இணையத்துக்கே போயிருப்போம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பராமரிப்பு என்றால் ஆண்டுச் செலவுக் கணக்கு மட்டுமன்று. பழுது எந்த இடத்தில் ஏற்படுகிறது, அதைச் சரிசெய்யும் கை யாருடையது என்பதும் அதில் அடங்கும். பண்பலையில் பெரும்பாலான பழுதுகள் எங்கள் கட்டடத்துக்குள்ளேயோ கோபுரத்தின் மேலேயோதான் நேரும். இணைய ஒலிபரப்பிலோ எங்கள் கணினி, அதிலிருந்து செல்லும் இணைப்பு, வாடகைச் சர்வர், பாதுகாப்புச் சான்றிதழ், செயலி, நேயரின் கைபேசி, அவருடைய டேட்டா என்று நீளும் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஒலி நின்றுவிடும். அக்கண்ணிகளில் பாதிக்கு மேற்பட்டவை எங்கள் கைக்கு எட்டாதவை.

இரண்டையும் நேரில் பார்த்திருக்கிறேன். புதிய டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகான முதல் மழைக்காலத்தில், ஒலிபரப்பாகாமல் ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறனைக் காட்டும் அளவி மெல்ல உயர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வெளியீட்டைக் குறைத்துக்கொண்டது. மழை ஓய்ந்ததும் எங்கள் தொழில்நுட்பர் மேலே ஏறி, ஆண்டெனாவின் அடியில் இருந்த கேபிள் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே நீர் கசிந்து, செம்பு வலையின் மேல் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, புதிய கனெக்டர் பொருத்தி, கூரை ஓடு வேய்வதைப் போல ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று ஏறும்படி கீழிருந்து மேலாக ரப்பர் டேப்பைச் சுற்றினார். மூன்று மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அளவி இறங்கிய அந்த நொடியிலேயே எல்லா நேயர்களுக்கும் ஒலி திரும்பிவிட்டது. யாரும் எதையும் அப்டேட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

2021 செப்டம்பர் 30 அன்று, உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ், அதாவது ஓர் இணையதளத்தை நம்பலாமா என்று கைபேசிகளும் கணினிகளும் சரிபார்க்க அடிப்படையாகக் கொள்ளும் டிஜிட்டல் சான்று, காலாவதியானது. எங்கள் இணைய ஓடையும் அதைச் சார்ந்தே இருந்தது. சர்வர் குறையின்றி இயங்கியது. என் கைபேசியிலும் ஒலி தெளிவாகக் கேட்டது. ஆனால் முதிய நேயர் ஒருவர் தம் பழைய கைபேசியை நிலையத்துக்கே எடுத்துவந்து மேசைமேல் வைத்து, "நேற்றுவரை பாடிக்கொண்டிருந்தது ஐயா, நான் ஒன்றும் செய்யவில்லை" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கைபேசியின் பழைய மென்பொருளுக்குப் புதிய சான்றிதழை அடையாளம் காணத் தெரியவில்லை; அதற்கான அப்டேட் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அவருக்கு வேறொரு பிரவுசரை நிறுவிக் கொடுத்தோம். நிலையத்துக்கு வராமல் கேட்பதையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இதோடு, அமெரிக்காவில் 1961இல் ஏற்கப்பட்ட பண்பலை ஸ்டீரியோ முறையே இன்றும் பயன்பாட்டில் இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று செய்த வானொலிப் பெட்டி நல்ல நிலையில் இருந்தால், இன்றைய ஒலிபரப்பையும் அது பாடும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நேயரைப் புதுக்கருவி வாங்கச் சொல்லாத தொழில்நுட்பத்தை, பழையது என்பதற்காகவே ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

நெரிசலும் பராமரிப்பைச் சேர்ந்ததே. நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஓடும் இணைய ஓடை, ஒரு நேயருக்கு ஒரு மணி நேரத்தில் 57.6 மெகாபைட் டேட்டாவை அனுப்புகிறது. ஆயிரம் பேர் சேர்ந்தால் அது 57.6 கிகாபைட். பண்பலை எல்லைக்குள் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுதான். நேயர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடி வருவது பெரும்பாலும் புயல், வெள்ளம், மின்தடை போன்ற நெருக்கடிகளில்தான். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் தீரத் தொடங்குவதும் அப்போதுதான். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது, கைபேசி இணைப்பை இழந்த மக்கள் பேட்டரி வானொலிகளைத் தேடிக் கடைகளுக்குப் போனார்கள்.

பண்பலையின் காலம் முடிந்துவிட்டது என்பவர்கள் நார்வேயையும் சுவிட்சர்லாந்தையும் சுட்டுவது வழக்கம். நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் நிறுத்தியது. ஆனால் இரு நாடுகளும் பண்பலையின் இடத்தில் முதன்மையாக வைத்தது டேப் (DAB) எனப்படும் டிஜிட்டல் வானொலியை. அதுவும் கோபுரத்திலிருந்து எல்லோருக்கும் பொதுவாகப் பரப்பப்படுவதுதான். மேலும், நார்வேயில் சிறிய உள்ளூர் நிலையங்கள் பண்பலையிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. சுவிட்சர்லாந்தில் அந்நிறுவனத்தின் நேயர் எண்ணிக்கை அதன்பின் சரிந்தது. ஆகவே இவை கோபுரத்துக்கு எதிரான சான்றுகள் ஆகமாட்டா. டேப் முறையை நான் இயக்கிப் பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வது முறையன்று. தொலைக்காட்சியிலும் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கக்கூடும்.

எங்கள் தேர்வுக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இளைஞர்கள் பலரிடம் வானொலிப் பெட்டியே கிடையாது. புதிய கைபேசிகள் பலவற்றில் பண்பலை வசதியும் இல்லை. கேட்கும் கருவியே வீட்டில் இல்லாதபோது, எவ்வளவு நம்பகமான ஒலிபரப்பாலும் பயனில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இணைய ஓடையை நாங்கள் மூடவில்லை. பள்ளி மாணவர்கள் தயாரிக்கும் நிகழ்ச்சிகளைப் பதிவுகளாகவும் ஏற்றிவைக்கிறோம். அவற்றைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பண்பலை எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்.

பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையில் பெரும்பகுதி இப்போது கோபுரத்துக்கும் பேட்டரிகளுக்கும் போகிறது, எஞ்சியது சர்வருக்கு. மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பே கனெக்டரைத் திறந்து பார்ப்பதையும், சான்றிதழின் காலாவதி நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பதையும் வழக்கமாக்கியிருக்கிறோம்.