புள்ளைகளுக்கு பங்கஸ் மூளைக்காய்ச்சல் சந்தேகமெண்டா: இங்க்கா, கிராக் கிட்டா, கல்ச்சரா?

இந்தச் சோதனைகளுக்கு முதுகில தண்ணி (மூளையையும் நரம்புத் தண்டையும் சுத்தியிருக்கிற நீர்) எடுக்கிறதுக்கே மட்டக்களப்பு வாட்டுகள்ல பெரிய போராட்டம், "கால் வழங்காம போயிரும்" எண்டு அம்மம்மா அழ தாய் கையெழுத்து போட மாட்டா (நரம்புத் தண்டு முடியிற இடத்துக்கு கீழதான் ஊசி போகுது, பயப்பிடாதீங்க). அப்பிடி கெஞ்சி எடுத்தாலும் சின்னப் புள்ளையில கிடைக்கிறது ஒண்டு ரெண்டு மில்லிதான், அதில பக்டீரியாவுக்கும் செல் கவுண்டுக்கும் சீனி, புரோட்டீனுக்கும் போக பங்கஸுக்கு மிஞ்சிறது கொஞ்சச் சொட்டு.

இந்தியா இங்க் மலிவு, உடனே பாக்கலாம். ஸ்லைட்ல ஒரு சொட்டு தண்ணி, ஒரு சொட்டு மை, கவர் ஸ்லிப்ப வச்சா கறுப்புக்குள்ள கிறிப்டோகொக்கஸ் (மூளைக்காய்ச்சல் தாற ஒரு பங்கஸ்) வெள்ளை வளையம் போட்டு உருண்டையா நிக்கும், சிலது மொட்டு விட்டிருக்கும். ஆனா லிம்போசைட்டும் (ஒரு வகை வெள்ளை ரத்த செல்) காத்துக் குமிழும் அதே மாதிரி ஏமாத்தும், மைப் போத்தலுக்குள்ளயே பங்கஸ் வளர்ந்திருந்தா கதை கந்தல். கிருமி குறைவா இருந்தா நல்லா பழகின கண்ணுக்கும் தப்பிரும், அதால நெகட்டிவ் எண்ட ரிப்போர்ட்ட நம்பி நிம்மதியா இருக்க ஏலாது.

கிராக் ஸ்ட்ரிப்புக்கு (கிறிப்டோகொக்கஸின்ட அன்டிஜன், அதாவது கிருமியின்ட உடம்புப் பொருள், தண்ணியில இருக்கா எண்டு பாக்கிற பட்டி) 40 மைக்ரோலீட்டர் போதும், 10 நிமிசத்தில கோடு விழும், கிறிப்டோகொக்கஸுக்கு இதுதான் என்ட முதல் ஓட்டு. ரெண்டு விசயம் கவனம்: அன்டிஜன் அளவுக்கு மிஞ்சி இருந்தா கோடு விழாமலும் போகும், அப்ப ஐதாக்கி திரும்பப் போடணும். மருந்து போட்டு குணமான பிறகும் கனகாலம் பொசிட்டிவ்வாவே நிக்கும், அதால கிருமி செத்திட்டா எண்டு இத வச்சு சொல்ல ஏலாது, அதுக்கு கல்ச்சர்தான் (கிருமிய லெப்ல வளத்துப் பாக்கிறது).

மிசின்ல போடுற பிசிஆர் பெனல் (கிருமியின்ட மரபணுவ தேடுற சோதனை) ஒரு மணித்தியாலத்தில பக்டீரியா வைரஸ் எல்லாம் சேத்து சொல்லும், பங்கஸில கிறிப்டோகொக்கஸ் மட்டும்தான், அதிலயும் கிராக்க விட தவறவிடும். காசு வேற.

இப்ப முக்கியமான இடம், மாசம் தெகையாம பிறந்து பேபி யூனிட்ல கிடக்கிற புள்ளை. அதுக்கு வாறது அனேகமா கன்டிடா எண்ட வேற பங்கஸ். இங்க் பாத்தும் கிராக் போட்டும் பிரயோசனமில்ல, ரெண்டும் கன்டிடாவ காட்டித் தராது, செல் கவுண்டும் நோர்மலா இருக்கலாம். இங்க கல்ச்சர்தான் ராசா, கூடவே பிளட் கல்ச்சரும். கன்டிடா ரெண்டு மூண்டு நாள்ல முளைக்கும், கிறிப்டோகொக்கஸுக்கு ஒரு கிழமை வரைக்கும் போகும், கொழும்பு பொரளை எம்ஆர்ஐக்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) அனுப்பிறதெண்டா பயணத்தையும் கூட்டிக்கொள்ளுங்க. கல்ச்சர் சாம்பிள பிரிட்ஜ்ல வைக்கக் கூடாது.

தண்ணி கொஞ்சமெண்டா சென்ட்ரிபியூஜ் மிசின்ல வச்சு சுத்தி எடுங்க: மேல தெளிஞ்சது கிராக்குக்கு, அடியில நிண்டது கல்ச்சருக்கும் இங்க்குக்கும், ஒண்டும் வீணாகாது. ரிக்குவெஸ்ட் போர்ம்ல புள்ளையின்ட வயசு, ஸ்டீரொய்ட் போகுதா, எத்தினை கிழமையில பிறந்தது, "பங்கஸ் சந்தேகம்" எண்டு டொக்டர்மார் எழுதி விடுங்க, எழுதாட்டி பக்டீரியா வரல்ல எண்டு லெப்ல பிளேட்ட நேரத்தோட தூக்கிப் போட்டிருவாங்க.