50 எம்.எம். லென்ஸோடு மூன்று வருடம்

கணக்குத் தணிக்கைதான் என் பிழைப்பு. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் மட்டும் கேமரா. மூன்று வருடமாக அதில் மாட்டியிருப்பது 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் ஒன்றுதான். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் புகும் துளை பெரிது.

ஜூம் கிடையாது. நெருங்க வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். என் கேமராவின் சென்சார் சின்னது, 1.5 மடங்கு கிராப், அதாவது காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும். அதனால் 75 எம்.எம். போல இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. வீட்டுக்குள் நாலு பேரை ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் முதுகு சுவரில் முட்டும்.

ஒரு நாள் ஜன்னல் கம்பியில் ஒரு மழைத்துளி. 45 செ.மீ.க்குள் போனால் ஃபோகஸ் பிடிக்காது; மோட்டார் கிர்ரென்று முன்னும் பின்னும் தேடும். சரி என்று கொஞ்சம் பின்வாங்கி, மேனுவலுக்கு மாற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு வளையத்தைத் திருப்பினேன். துளிக்குள் எதிர்மரம் தலைகீழாகத் தெளிந்தது. மனைவி கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. தியான வகுப்பில் இருபது நிமிடம் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்த ஆள் நான்!

எஃப்/1.8இல் படத்தின் ஓரங்கள் மங்கல். எஃப்/4 வைத்தால் தேவலை. எதிர்வெளிச்சத்தில் கிளை விளிம்புகளில் ஊதாக் கோடு விழும். ஆனால் கேமராவோடு சேர்ந்து வரும் எஃப்/3.5 கிட் லென்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுவதால் விடிந்தும் விடியாத நேரத்திலும் எடுக்கலாம். பறவைகளைத் துரத்துபவர்கள் வேறு லென்ஸ் பாருங்கள்.

பிளாஸ்டிக் உடம்பு, கனமே இல்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அப்போதும் அலுவலகப் பையில், லேப்டாப் சார்ஜருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.