அக்ரிலிக்கில் நீர்க்கரை நகரம்: கட்டடம் சரி, தண்ணீர்தான் தகராறு

நீர்க்கரையை ஒட்டி நிற்கும் நகரத்தின் கட்டட வரிசையை வரைய, நீர் கலந்து பூசும் அக்ரிலிக் வண்ணம் வாங்கலாமா, எண்ணெயில் குழைத்த ஆயில் வண்ணம் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடங்களாக இந்தக் காட்சியைத்தான் அக்ரிலிக்கில் திரும்பத் திரும்ப வரைந்து வருகிறேன். அவர் கேட்ட நேரம், என் கான்வாஸில் தண்ணீர்ப் பகுதி மறுபடியும் கறுத்துக் காய்ந்திருந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடங்களுக்கு இதைவிட வசதியான வண்ணம் எனக்குத் தெரியாது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் அருமையான சாம்பல் வரும், அதில் வெள்ளையைக் கூட்டித் தூரத்துக் கட்டடங்களைப் பூசிவிட்டு, காய்ந்த கையோடு அதன்மேல் அடர்த்தியான முன்வரிசையை வைத்துவிடலாம். ஆயிலில் இதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாஸ்கிங் டேப்பை ஒட்டியதும் அதன் ஓரத்தில் மேட் மீடியத்தை (நிறமி கலக்காத, பளபளப்பில்லாத அக்ரிலிக் திரவம்) ஒரு முறை தடவிக் காயவிடுங்கள். இடுக்கு இருந்தால் மீடியமே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், காய்ந்தபின் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் வண்ணம் பூசி டேப்பை உரித்தால் கோபுரத்தின் விளிம்பு துளிகூடக் கசியாமல் நேராக நிற்கும். இத்தனை முறை பார்த்தும் அந்த உரிக்கும் நொடி எனக்கு இன்னும் சந்தோஷம்தான்.

தண்ணீருக்கு வந்தால் கதையே வேறு. அக்ரிலிக்கில் நிறமியைப் பிடித்துவைக்கும் எமல்ஷன், அதாவது நீரில் பிசின் கலந்த பால் போன்ற கலவை, ஈரத்தில் வெண்மையாக இருக்கும், நீர் ஆவியானதும் தெளிந்துவிடும். அந்த வெண்மை போனதும் நிறம் இருண்டுபோகிறது. வெள்ளை நிறையக் கலந்த வானத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. தாலோ நீலம் போன்ற அடர்நிறங்களில் நன்றாகவே தெரியும், தண்ணீருக்கு வேண்டியதோ அந்த நிறங்கள்தான்.

இதில் என்ன பெரிய பிரச்சினை என்று கேட்கலாம். பிரதிபலிப்பே சின்ன வித்தியாசத்தில்தான் நிற்கிறது. பொதுவாக வெளிச்சமான கட்டடம் தண்ணீரில் கொஞ்சம் மங்கித் தெரியும், இருண்ட கட்டடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். மேலே கட்டடம் ஏற்கெனவே காய்ந்திருக்கிறது, கீழே நான் பூசுவது ஈரம். ஈரத்தில் கச்சிதமாகப் பொருந்திய நிறம் காய்ந்ததும் கட்டடத்தைவிடக் கறுத்து, தண்ணீருக்குப் பதில் தாரை ஊற்றியது மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாள் ஒரே ஒரு அலைக்கோட்டைத் திருத்த நினைத்தாலும் பழைய நிறத்தோடு சேராமல் திட்டாக நிற்கும்.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கலவையையும் அட்டைத் துண்டில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்து, கட்டடத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுகிறேன், பலன் இருக்கிறது. ஆனால் நீரின் அசைவு கையில் வந்துகொண்டிருக்கும்போது தூரிகையை வைத்துவிட்டு அட்டையைக் காயவைப்பது எரிச்சலாக இருக்கிறது. காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் என்ற திரவத்தைச் சேர்த்தால் காய்வது தள்ளிப்போகும், நிறமாற்றம் தள்ளிப்போய் நடக்கும், அவ்வளவுதான். அளவு மீறினால் பிசுபிசுப்பு வேறு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுதாகக் காய்ந்த அடுக்கு தண்ணீர் பட்டால் கரையாது. அதனால் வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கும் கிளேஸிங் மீடியத்தில் துளி நீலம் கலந்து தண்ணீர் முழுவதற்கும் மெல்லிய படலமாக இழுத்தால், தனித்தனியாக நின்ற பிரதிபலிப்புகள் ஒரே நீருக்குள் அமிழ்ந்துவிடும். அதன்மேல் விளக்கொளியைச் செங்குத்தாக நீட்டி, குறுக்கே சிற்றலைகளால் உடைத்துவிட்டால் இரவுக் கரை அப்படியே வந்துவிடுகிறது. இதற்காகவே அக்ரிலிக்கை விட மனம் வரவில்லை.

இருந்தாலும் நண்பருக்கு ஆயில் வாங்குங்கள் என்றுதான் பதில் அனுப்பினேன். அவர் வரைய நினைக்கும் படத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்.